தாய் ஓர் இனம், தந்தை ஓர் இனம்: பிள்ளைக்கு இனவெறியைப் பற்றி எப்போது, எப்படிச் சொல்வது?

வானம்பாடி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. தாயும் தந்தையும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கும் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேடு தொகுத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் தேடினால் "அன்பாக வளர்த்தால் போதும்" என்பதைத் தாண்டி ஒன்றும் அகப்படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

1. இந்தப் பிள்ளைகளைக் குறிக்கத் தமிழில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்? 'கலப்பினம்' உறுத்துகிறது.
2. நிறம், இனம், இனவெறி பற்றி எந்த வயதில் எதைச் சொல்ல வேண்டும்?
3. பிள்ளை தன்னை ஒரு பக்கத்தோடு மட்டும் சேர்த்துச் சொன்னால் திருத்த வேண்டுமா?
4. பள்ளியில் நிறத்தை வைத்துக் கேலி நடந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியவை என்ன?

"எல்லாரும் மனிதர்கள்தான் என்று சொல்லி வளர்த்துவிட்டால் இதெல்லாம் எதற்கு" என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும்.

---

சொல்லேர் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

'கலப்பினம்' வேண்டவே வேண்டாம். அது விதைக்கும் கறவை மாட்டுக்கும் புழங்கும் சொல். 'கலப்பு' என்றதுமே நம் காதில் 'கலப்படம்' விழுகிறது; தூய்மையான ஒன்று இருந்தது, அதில் ஏதோ சேர்ந்து கெட்டுவிட்டது என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 'பாதி அது, பாதி இது' என்பதும் அப்படித்தான். பாதி என்று கேட்டு வளரும் பிள்ளை, இரண்டு பக்கமும் தான் குறைதான் என்று கணக்குப் போடும்.

நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: வழி. அம்மா வழி, அப்பா வழி. "அம்மா வழியில் தமிழ், அப்பா வழியில் நைஜீரியா" என்று சொன்னால் எதுவும் பாதியாகவில்லை, எதுவும் கலங்கவில்லை. பெயராக வேண்டுமென்றால் 'இரு மரபுப் பிள்ளை' என்று எழுதுங்கள்.

அடுத்தது 'இனம்'. மனித இனம், தமிழினம், கறுப்பினம், பெண்ணினம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பெரியவர்களுக்கு இடம் பார்த்துப் புரியும், 6 வயதுக்குப் புரியாது. "மனித இனம் ஒன்றுதான்" என்று ஒரு நாளும் "அவர் வேறு இனம்" என்று மறுநாளும் சொன்னால் எதை நம்பும்? சிறு வயதில் மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள்: தோல் நிறம், முன்னோர் வாழ்ந்த இடம், பேசும் மொழி. 'இனம்' என்ற சொல்லைப் பிறகு கொண்டுவரலாம்.

'இனவெறி', 'நிறவெறி' இரண்டிலும் 'வெறி' இருக்கிறது. வெறி என்றால் கத்துவது, அடிப்பது என்றுதான் மனத்தில் படம் வரும். வாடகைக்கு வீடு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் வெறி தெரியாது. ஆகவே விதிகளையும் வாய்ப்புகளையும் பேசும்போது 'இனப் பாகுபாடு' என்றும், வாயால் சொல்வதை 'நிறக் கேலி' என்றும் எழுதினால் துல்லியமாக இருக்கும்.

வீட்டுப் பேச்சில் ஒன்றைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." இதில் 'கறுப்பு' வசை இல்லை, 'களை' பாராட்டு. நஞ்சு முழுவதும் 'இருந்தாலும்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. "நல்ல கலரா பொறந்திருக்கு" என்பதும் அதே கணக்கு. 'கலர்' என்றாலே வெளுப்பு என்று ஆக்கி வைத்திருக்கிறோம். இரு மரபுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வாக்கியம் பெற்றோரில் ஒருவரை உயர்த்தி இன்னொருவரைத் தாழ்த்துகிறது. பிள்ளை அதைக் கவனிக்காமல் விடாது.

---

நாற்றங்கால் பதில்:

இரண்டாவது கேள்விக்கு. வயது வரம்புகள் முன்னே பின்னே இருக்கும், ஆனால் வரிசை பெரும்பாலும் இதுதான்.

முதல் வருடம். பிறந்த குழந்தை எல்லா முகங்களையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. 3 மாதத்தில், தான் அதிகம் பார்த்துப் பழகிய இன முகங்களை அதிக நேரம் பார்க்கத் தொடங்குகிறது. இரண்டு இன முகங்களோடும் பழகிய குழந்தைகளிடம் இந்தச் சாய்வு இல்லை என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே இந்த வயதுக்குப் பேச்சு தேவையில்லை, ஆட்கள் தேவை. இரு பக்க உறவினர்களும் நேரில் வந்து தூக்கிக் கொஞ்சுவதற்கு ஈடு எதுவும் இல்லை.

3 முதல் 5 வயது. "நான் ஏன் அம்மா நிறத்துல இல்ல?" என்ற கேள்வி வரும் காலம். கேட்ட இடத்திலேயே, குரலை மாற்றாமல் பதில் சொல்லுங்கள். "உன் தோலுக்குள்ள மெலனின்னு ஒரு பொருள் இருக்கு. அது நிறைய இருந்தா கருமை, கொஞ்சமா இருந்தா வெளுப்பு. உனக்கு அம்மாகிட்டருந்தும் அப்பாகிட்டருந்தும் வந்திருக்கு." இதற்கு மேல் வேண்டாம். "ஷ்ஷ், அப்படிக் கேக்கக் கூடாது" என்று அடக்கினால், நிறம் என்பது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்பதுதான் பதிலாகப் பதியும்.

வண்ணம் குழைத்துக் காட்டுவது இந்த வயதுக்கு மிகப் பொருத்தமான பயிற்சி. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு குப்பிகள் போதும். மஞ்சள் ஒரு தேக்கரண்டி, சிவப்பு அரைத் தேக்கரண்டி, நீலம் சில சொட்டுகள். குழைத்தால் பழுப்பு வரும். அதை வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கைக்குப் பிரித்து வைத்து, ஒவ்வொருவரின் மணிக்கட்டின் உட்புறத்தோடு ஒப்பிட்டு, வெள்ளையையோ நீலத்தையோ சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பொருத்த வேண்டும். இருள வைக்கக் கறுப்பு வண்ணத்தை ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கறுப்பு சேர்ந்தால் பழுப்பு செத்துச் சாம்பல் நிறமாகும். பிள்ளை அதைப் பார்த்து "அழுக்கு" என்று சொல்லும். நீலமும் சிவப்பும் சேர்த்து இருளச் செய்தால் நிறம் உயிரோடு இருக்கும். குழைத்து முடித்ததும் ஒவ்வொரு நிறத்துக்கும் பிள்ளையே பெயர் வைக்கட்டும். 'தோல் நிறம்' என்று ஒன்றுக்கு மட்டும் பெயர் வைக்க விடாதீர்கள். கிரேயோலா நிறுவனம்கூட வெளிர் நிறக் கிரேயானுக்கு வைத்திருந்த 'சதை நிறம்' என்ற பொருள் தரும் பெயரை 1962-இல் மாற்றிவிட்டது.

5 முதல் 7 வயது. வளர்ந்தால் நிறம் மாறும், தேய்த்துக் குளித்தால் வெளுக்கும் என்று நம்பும் கட்டம். "இல்லம்மா, உன் நிறம் இதுதான், இப்படியே இருக்கும்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். "பெருசானா மாறிடும்" என்ற சமாதானம் பிற்பாடு கடும் ஏமாற்றமாகத் திரும்பி வரும்.

"எல்லாரும் மனிதர்கள்தான்" என்பவர்களுக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 1940-களில் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டிக் கேட்டார்கள். 'நல்ல பொம்மை' எது என்றதற்குப் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இந்த வகை ஆய்வுகளும் சுட்டப்பட்டன. அந்தக் குழந்தைகளை யாரும் உட்காரவைத்து வெள்ளை உயர்வு என்று பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. வீட்டில் பேசாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. தெரு, பொம்மை, விளம்பரம் எல்லாம் சேர்ந்து நிரப்பிவிடும்.

8 முதல் 11 வயது. நியாயம், அநியாயம் நன்றாகப் பிடிபடும் வயது. இனப் பாகுபாட்டை மூன்று அடுக்காகச் சொல்லுங்கள். ஒருவர் வாயிலிருந்து வருவது பேச்சு. ஓர் இடத்தில் யாரும் கேள்வி கேட்காமல் நடப்பது வழக்கம். எழுதி வைத்துச் செய்வது விதி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டைப் பிள்ளையையே தேடச் சொல்லலாம். இந்த அடுக்கு பிடிபடாத பிள்ளை "என்னை யாரும் திட்டலையே, அப்போ இங்க இனவெறி இல்ல" என்ற முடிவுக்கு வந்துவிடும். இரு மரபுப் பிள்ளைகளில் வெளிர் நிறமாக இருப்பவர்களிடம் இது அதிகம் நடக்கும்.

12 வயதுக்கு மேல் அடையாளக் கேள்வி. அதை இன்னொருவர் எழுதட்டும்.

---

ஏழாம்திசை பதில்:

மூன்றாவது கேள்விக்கு. 12 வயதுக்கு மேல் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய முக்கியமான கருவி, மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது. மரபு: முன்னோர் யார், எங்கிருந்து வந்தவர்கள். பார்வை: தெருவில் பார்ப்பவர் என்னவென்று நினைக்கிறார். அடையாளம்: தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது. மரபு மாறாது. பார்வை இடத்துக்கு இடம் மாறும். ஒரே முகத்தை ஒரு நாட்டில் ஒன்றாகவும் இன்னொரு நாட்டில் வேறாகவும் பார்ப்பார்கள். அடையாளம் பிள்ளையினுடையது, அதுவும் வயதோடு மாறலாம்.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. பிள்ளை அடையாளத்தைச் சொல்லும், பெற்றோர் மரபை மறுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை "நான் கறுப்பினம்" என்று சொன்னதும் மறுபக்கப் பெற்றோர் வாயில் வரும் முதல் வாக்கியம் "அப்போ நான் உனக்கு யாரு?" அதைச் சொல்லிவிட்டால் பிள்ளை அடுத்த முறை மனத்தில் உள்ளதைச் சொல்லாது. "சரி, எப்போலேர்ந்து இப்படித் தோணுது?" என்று மட்டும் கேளுங்கள். திருத்தத் தேவையில்லை.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு 12, 15, 18 வயதில் பிள்ளையே எழுதி வைக்கலாம். பெற்றோர் எட்டிப் பார்க்காமல் இருந்தால்தான் இதற்குப் பயன் உண்டு. பழைய தாளை எடுத்து "அன்னைக்கு இப்படி எழுதினியே" என்று காட்டுவதும் கூடாது.

இப்படிப் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவதில்லை. சிலர் ஒரு பக்கத்தைச் சொல்கிறார்கள், சிலர் இரண்டையும், சிலர் இடத்தைப் பொறுத்து, சிலர் இன அடையாளமே வேண்டாம் என்று. பராக் ஒபாமாவின் தாய் வெள்ளையர், தந்தை கென்யர். 2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் கறுப்பினம் என்ற ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பினார். கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் தன் எல்லாப் பக்க முன்னோரையும் சேர்த்துத் தனக்கென ஒரு சொல்லே உண்டாக்கிக்கொண்டார். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸின் தாய் ஷியாமளா கோபாலன் தமிழர், தந்தை ஜமைக்காவில் பிறந்தவர்; கறுப்பினத்தவர் என்றும் தெற்காசியர் என்றும் இரண்டையும் சொல்பவர். அவரைப் பற்றி 2024-இல் டொனால்டு டிரம்ப், அவர் 'திடீரென்று கறுப்பராகிவிட்டார்' என்ற பொருளில் பேசினார். பிறர் ஒருவரின் அடையாளத்தை மறுப்பது எப்படி இருக்கும் என்று 14 வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஏனென்றால் ஒன்றைச் சொன்னால் மற்றதைக் கைவிட்டதாகத்தான் ஆகும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

இந்த வயதில் வரலாற்றையும் வையுங்கள். வகை என்பது இரத்தத்தில் இல்லை, எழுதி வைத்தவர் கையில் இருந்தது என்பது தானாகத் தெரியவரும். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1850-இல் 'முலாட்டோ' (கறுப்பின, வெள்ளை முன்னோர் இருவரையும் உடையவர்) என்ற வகை வந்தது. 1890-இல் நான்கில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று கறுப்பின முன்னோரைப் பிரித்து எண்ணினார்கள். 1930-இல் அதெல்லாம் போய், கறுப்பின இரத்தம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் 'நீக்ரோ' என்றே பதியச் சொன்னார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தைக் குறிக்க அனுமதி 2000-இல்தான் வந்தது. 2020-இல் அப்படிக் குறித்தவர்கள் 3 கோடியே 38 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10.2 விழுக்காடு. கேள்வியின் வடிவத்தையும் பதில்களைத் தொகுக்கும் முறையையும் மாற்றியதும் எண்ணிக்கை இவ்வளவு கூடியதற்கு ஒரு காரணம், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்மவர்களுக்கு இன்னும் பொருந்துவது: அதே கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினரை 1920 முதல் 1940 வரை, எந்த மதமானாலும், 'இந்து' என்ற இனமாக எழுதினார்கள். 1970-இல் வெள்ளையராக எண்ணினார்கள். 1980-இல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. ஒரே குடும்பம், அதே தோல், மூன்று வகை.

தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின் கீழ், சந்தேகம் வந்தவர்களின் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் விழுந்தால் ஒரு வகை, சிக்கி நின்றால் வேறு வகை. ஒரே குடும்பத்தில் சிலரை ஒரு வகையிலும் சிலரை வேறு வகையிலும் பதிந்ததால் சேர்ந்து வாழ முடியாமல் போனவர்கள் உண்டு. 1991-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. அமெரிக்காவில் இனம் தாண்டிய திருமணத்தை எந்த மாநிலமும் தடுக்க முடியாது என்ற லவிங் வழக்குத் தீர்ப்பு வந்தது 1967-இல். இன்றைய தாத்தா பாட்டிகளின் வாழ்நாளுக்குள் நடந்தது.

---

தாழ்வாரம் பதில்:

ஏழாம்திசை சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. அடையாளம் பிள்ளையினுடையது என்பது சரி. ஆனால் வீடு வாடகைக்குக் கொடுப்பவரும் தெருவில் நிறுத்திக் கேட்கும் காவலரும் அடையாளத்தைக் கேட்டுவிட்டு நடப்பதில்லை, பார்வையை வைத்துத்தான் நடக்கிறார்கள். இதை வளர்ந்த பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "நீ உன்னை எப்படி நினைக்கிறாய் என்பது வேறு, உன்னை எப்படி நடத்துவார்கள் என்பது வேறு. இரண்டாவதற்கும் தயாராக இரு."

தயார்ப்படுத்துவதற்கும் பயமுறுத்துவதற்கும் உள்ள எல்லையைக் கவனியுங்கள். "கடைக்குள்ள உன் பின்னாலேயே வரலாம், அப்படி வந்தா இதைச் செய்" என்பது முன்னேற்பாடு. "அந்த ஆளுங்களை நம்பவே நம்பாதே" என்பது அவநம்பிக்கை. 'அந்த ஆளுங்க' என்பதில் பிள்ளையின் தாயோ தந்தையோ, தாத்தா பாட்டியோ இருக்கிறார்கள். இரு மரபுப் பிள்ளைக்கு இந்த இரண்டாவது வாக்கியம் தன்னில் ஒரு பகுதியையே சந்தேகப்படச் சொல்வதாக ஆகிறது.

இனி நான்காவது கேள்வி, பள்ளியில் கேலி நடந்த அன்று.

வந்து சொன்னதும் முதல் 10 நிமிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். "அவன் சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்றோ "நீ என்ன செஞ்சே?" என்றோ தொடங்கினால் பேச்சு அங்கேயே நிற்கும். பெற்றோர் கோபத்தில் கொதிப்பதும் அதே விளைவைத்தான் தரும். பிள்ளை உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடும்.

அடுத்து அதற்குப் பெயர் சொல்லுங்கள். "அது நிறக் கேலி. தப்பு அவனுடையது." இரண்டு வாக்கியம், போதும்.

பிறகு எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள், பார்த்த ஆசிரியர் யாராவது இருந்தாரா, அவர் என்ன செய்தார். வசைச் சொல்லை நாகரிகமாக மாற்றி எழுதாதீர்கள். 'தகாத சொல் சொன்னான்' என்று எழுதினால் பள்ளி அதைச் சாதாரணச் சண்டையாகப் பதிந்துகொள்ளும். படுக்கப்போகும் முன் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எழுதினால் சொற்கள் மாறிப்போயிருக்கும்.

பள்ளிக்குத் தெரிவிப்பதற்கு முன் என்ன நடக்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது என்று கேளுங்கள். மன்னிப்பா, இடம் மாற்றி உட்காருவதா, யாருக்கும் தெரியாமல் ஆசிரியர் கவனித்துக்கொள்வதா. அடி, மிரட்டல், தொடர்ந்து நடப்பது என்றால் பிள்ளை வேண்டாம் என்றாலும் தெரிவித்தாக வேண்டும். ஆனால் தெரிவிக்கப் போவதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொலைபேசியில் மட்டும் சொல்லாதீர்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள். நடந்ததை 5, 6 வரியில், 'இனம் சார்ந்த கேலி' என்ற சொல்லோடு. இறுதியில் மூன்று கேள்வி: என்ன விசாரித்தீர்கள், இதை எந்த வகையில் பதிந்தீர்கள், மீண்டும் நடக்காமலிருக்க என்ன ஏற்பாடு. 5 வேலை நாளுக்குள் பதில் கேளுங்கள். வராவிட்டால் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாகத் தலைமையாசிரியருக்கு அனுப்புங்கள். புதிதாகத் தொடங்கினால் காலக்கணக்கு விட்டுப்போகும்.

கேலி செய்த பிள்ளையின் பெற்றோரை வாசலில் பிடித்துப் பேசுவதைத் தவிர்க்கலாம். பெரும்பாலும் அது பெற்றோர் சண்டையாக மாறி, உங்கள் பிள்ளை இன்னும் தனியாக நிற்கும்.

பிள்ளை வாயில் தயாராக இருக்க வேண்டியது நீண்ட விளக்கமில்லை, சின்ன வாக்கியங்கள். "நீ என்ன ஆளு?" என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்களை ஒத்திகை பார்க்கலாம். நட்பாகக் கேட்டால்: "அம்மா வழி இது, அப்பா வழி இது." பேச விருப்பமில்லை என்றால்: "இப்போ அதைப் பத்திப் பேச வேண்டாம்." சீண்டினால்: "அது என் நிறத்தைப் பத்தின பேச்சு. நிறுத்து." எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பிள்ளைக்குத் தெரிவதே பாதித் தெம்பு.

---

வானம்பாடி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். உடன்பிறந்தவர்களில் ஒருவர் வெளிர் நிறம், ஒருவர் கருமை என்றால் எப்படிக் கையாள்வது? உறவினர்கள் ஒப்பிட்டுப் பேசினால் யார் தடுக்க வேண்டும்?

---

நாற்றங்கால் பதில்:

தோல் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறு சேர்க்கை விழுவதால் ஒரே பெற்றோருக்கு வெவ்வேறு நிறப் பிள்ளைகள் பிறப்பது இயல்பு. இதைப் பிள்ளைகளுக்கு நேராகவே சொல்லலாம்.

உறவினர் விஷயத்தில் ஒரு நடைமுறை: அவரவர் பக்கத்தை அவரவரே தடுக்க வேண்டும். கணவன் வீட்டாரிடம் கணவன், மனைவி வீட்டாரிடம் மனைவி. மருமகளோ மருமகனோ தடுத்தால் பேச்சு நிறத்திலிருந்து நழுவி மரியாதைக்குப் போய்விடும். பிள்ளை காதில் விழுந்த பேச்சை, பிள்ளை காதில் விழும்படியே மறுக்க வேண்டும். "அத்தை, எங்க வீட்டுல நிறத்தை ஒப்பிட்டுப் பேசறதில்ல." அவ்வளவுதான். நீண்ட விளக்கத்தைப் பிறகு தனியே வைத்துக்கொள்ளலாம். தனியே மட்டும் சொன்னால் பிள்ளைக்கு நினைவில் நிற்பது அந்தப் பேச்சும் உங்கள் மௌனமும்தான்.

வெளிர் நிறமாக இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு பாடமும் உண்டு. தங்களவர் என்று நினைத்து அதன் முன்னாலேயே மற்ற இனத்தைக் கேவலமாகப் பேசுவார்கள். "என் அம்மா அந்த இனம்தான்" என்று சொல்வதா, அப்போதைக்கு விலகிவிடுவதா என்பது பாதுகாப்பைப் பொறுத்தது. விலகினால் குற்ற உணர்வு வரும். வீட்டில் வந்து சொல்ல இடம் இருக்க வேண்டும்.

---

மருதாணி பதில்:

யாரும் முடியைப் பற்றிச் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்கு, அதுவும் பெண் பிள்ளைக்கு, நிறத்தைவிட முடியில்தான் இந்தப் பேச்சு அடிக்கடி வரும்.

இறுக்கமான சுருள் முடியை உலர்ந்திருக்கும்போது சீவக் கூடாது. நேர் முடிக்குப் பழகிய கை இதைத்தான் முதலில் செய்யும். முடி நடுவில் ஒடியும், பிள்ளை அழும், "அடங்காத முடி" என்ற சொல் வாயில் வரும். நான்கு பாகமாகப் பிரித்துக் கவ்வி போடுங்கள். ஒரு பாகத்தை மட்டும் தண்ணீர் தெளித்து நனைத்து, கண்டிஷனர் தாராளமாகத் தடவுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து 2, 3 சென்டிமீட்டர் மட்டும் சிக்கெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேர் நோக்கி மேலே வாருங்கள். சிக்குக்கு மேலே முடியை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தால் இழுப்பு மண்டைக்குப் போகாது. 30 முதல் 45 நிமிடம் ஆகும், அவசரமான காலையில் செய்யாதீர்கள். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை அலசினால் போதும். தினம் அலசினால் வறண்டுவிடும். பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சும், சாட்டின் உறை நல்லது. பின்னலை இறுக்கிப் போட்டால் நெற்றி ஓரத்தில் முடி உதிரத் தொடங்கும், நாள்பட்டால் திரும்பி வராது.

முடியை வைத்துப் பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்குவதைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்க மாநிலங்களில் முதலில் கொண்டுவந்தது கலிபோர்னியா, 2019-இல். சுருள் முடியும் பின்னலும் 'ஒழுங்கற்ற தோற்றம்' இல்லை என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது.

மருத்துவத்தைப் பற்றி இரண்டு வரி. இரு பக்கக் குடும்ப நோய் வரலாற்றையும் எழுதி வையுங்கள். மருத்துவர் முகத்தைப் பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் ஊகிக்கலாம். தாலசீமியா, அரிவாள் செல் சோகை போன்ற, பெற்றோர் வழியாக வரும் இரத்த நோய்களுக்கு இரு பக்கமும் கேட்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிட 2009-இல் வந்த ஒரு சூத்திரம், கறுப்பினத்தவர் என்று குறித்தால் விடையை 1.159 ஆல் பெருக்கியது. இரு மரபு உள்ளவருக்கு ஒரே இரத்தப் பரிசோதனையில் இரண்டு விடை! 2021-இல் இனம் இல்லாத சூத்திரம் வந்துவிட்டது. பழைய அறிக்கைகளை ஒப்பிடும்போது எந்தச் சூத்திரம் என்று கேளுங்கள்.

---

ஏழாம்திசை பதில்:

தாழ்வாரத்தின் மறுப்பை ஏற்கிறேன். கையேட்டில் அடையாளத்துக்குப் பக்கத்திலேயே அதையும் சேர்த்துவிடுங்கள்.

விண்ணப்பப் படிவங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 2009-இல் வந்த ஓர் ஆய்வில், படிவத்தில் ஒரே இனத்தைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட இரு மரபு மாணவர்களுக்கு, பலவற்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களைவிட ஊக்கமும் தன்மதிப்பும் குறைந்து காணப்பட்டன. படிவம்தானே என்று விட முடியாது.

ஒரே கட்டம்தான் என்றால் முதலில் அந்தத் தகவல் எதற்கு என்று கேளுங்கள். கட்டாயமில்லை என்றால் வெறுமையாக விடலாம். 'மற்றவை' இருந்தால் இரண்டையும் முழுப் பெயரில் எழுதுங்கள். 'கலப்பு' என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. 10 வயதுக்கு மேல் பிள்ளையைக் கேட்காமல் நிரப்பாதீர்கள். எந்த ஆவணத்தில் என்ன பதிந்தது என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒன்றோடொன்று முரண்பட்டால் விளக்கம் கேட்பார்கள்.

சிங்கப்பூரில் 2011 ஜனவரி முதல் இரண்டு இனங்களையும் இணைத்துப் பதியலாம். ஆனால் அரசு அடுக்குமாடி வீடுகளுக்கான இன ஒதுக்கீட்டில் முதலில் எழுதிய இனம்தான் கணக்கு. அங்கே இருப்பவர்கள் வரிசையை முடிவு செய்யும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.